முப்பத்தேழு கால்கள்

நியூ பெட்ஃபோர்டு துறைமுகம்,
தொழிற்சங்கக் கட்டடத்தின் இரண்டாம் மாடி.
வியாழன் மூன்று மணிக்கு
ஒரே அறையை
இருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.
எனக்கு அச்சுக்கலை. ஹெஸ்டர் பைக்குக்கு நடனம்.

முதல் வாரம் நடுவில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டோம்.
இரண்டாம் வாரம்
அவள் போட்ட தாளத்தில் என் மைப்புட்டி கவிழ்ந்தது.
மூன்றாம் வாரம் என் அச்சு இயந்திரத்தின் திருகு உடைந்தது.
"நான் தொடவே இல்லை" என்றாள்.
நான் நம்பவில்லை.

வருகிறவர்கள் இருவருக்கும் பொது.
மீன் வெட்டும் ஆலையில்
இரவெல்லாம் கால் கடுக்க நிற்பவர்கள்,
நேற்றைய செதில் முழங்கையில் மின்ன
இன்றைய வேலைக்கு முன் படியேறி வருவார்கள்.
குவாத்தமாலா மலைகளின் கிச்சே மொழி,
கொஞ்சம் ஸ்பானியம்,
என் வீட்டுக் கேப் வெர்டியக் கிரியோல்.
எல்லாவற்றுக்கும் நடுவே எல்மர், வயது பதினாறு.
கொட்டாவியைத் தவிர
அனைத்தையும் மொழிபெயர்ப்பான்.

மானிய விண்ணப்பத்தில் நாங்கள் எழுதியிருந்தது
'அழகியல் வெளிப்பாடு'.
தோமாசா கேட்டது வேறு:
"அதிகாலை நாலு மணிக்கு வேலை முடிகிறது.
பேருந்து எங்களைத் தாண்டிப் போகிறது, காலியாக.
அதை நிறுத்துகிற மாதிரி ஏதாவது
உங்களுக்குச் செய்யத் தெரியுமா?"

பத்தொன்பது வருடம் அச்சடித்தவள் நான்.
தெரியும் என்றேன்.
ஒரு படுக்கை விரிப்பு, லினோலியத் தகடுகள், உளிகள்.
'நாங்கள் இங்கே நிற்கிறோம்' என்பதை
எழுத்தெழுத்தாய்ப் பிரித்துக்கொண்டு செதுக்கினார்கள்.

அழுத்தத்தான் இயந்திரம் இல்லை.

ஹெஸ்டர் காலணியைக் கழற்றினாள்.
மை பூசிய தகடுகள் மேல் துணியை விரித்து
"எடையைக் குதிகாலில் வையுங்கள்,
மெல்ல முன்னே கொண்டு போங்கள்,
இப்போது விரல், இப்போது மூச்சு" என்றாள்.
பத்து மணி நேரம் நின்று வீங்கும் பாதங்கள்
எழுத்தின் மேல் எழுத்தாய் நடந்தன.
மக்காரியோவுக்கு ஒரு காலில் கட்டு.
மற்றதால் நொண்டி ஆடினான்,
வலியா விளையாட்டா என்று கேட்கத் தோன்றாதபடி.
கை கொடுக்க வந்தவர்கள் நாங்கள்.
அவர்கள் கால் கொடுத்தார்கள்.

துணியைத் தூக்கினோம்.
எல்லா எழுத்தும் இடவலம் மாறிக் கிடந்தன.
அச்சென்றால் திருப்பிச் செதுக்க வேண்டும்:
முதல் நாளின் முதல் பாடம்.
எந்த மொழியிலும் நான் சொல்லியிருக்கவில்லை.

என் காதுகள் எரிந்தன.
ஹெஸ்டர் உத்தரத்தைப் பார்த்தாள்.
தோமாசாதான் சிரித்தாள்:
"நம்மைப் பார்க்காதவனுக்கு
எந்தப் பக்கமாக எழுதினால் என்ன?"

அப்படியே கட்டினோம், ஆலையின் கம்பி வேலியில்.
வெள்ளி அதிகாலை நாலு பத்து.
பேருந்து தாண்டிப் போனது, வழக்கம்போல.
நூறடி போய்
ஓட்டுநர் பக்கக் கண்ணாடியைப் பார்த்திருக்கிறார்.
அதற்குள் எழுத்து நேராக நின்றிருக்கிறது,
அச்சு அசலாக.
பிரேக் கிறீச்சிட்டது.
ஈரச் சாலையில் இரண்டு சிவப்பு விளக்குகள்
எங்களை நோக்கிப் பின்னால் வந்தன.
ஹெஸ்டர் என் கையைக் கிள்ளினாள், நன்றாகவே வலித்தது.

அந்த ஓட்டுநருக்கு
செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் வேலை.
மற்ற நாள் ஓட்டுபவர்
கண்ணாடி பார்ப்பதில்லை போலும்.

அறிக்கையில் 'பயனடைந்தோர் எண்ணிக்கை'க் கட்டத்தில்
ஹெஸ்டர் எழுதினாள்: முப்பத்தேழு கால்கள்.
ஆட்கணக்கில் சொல்லச் சொல்லித்
தொலைபேசியில் கேட்டார்கள்.
"பதினெட்டரை" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த வியாழன் நாங்கள் போகும் முன்பே
புதுத் தகட்டோடு தோமாசா உட்கார்ந்திருந்தாள்.
மீதி ஐந்து நாட்களின் பெயர்களைச் செதுக்க வேண்டுமாம்.
சுண்ணக்கட்டிக் கோடு எங்கே போனதென்று தெரியவில்லை.
உளியை வைத்தவள் சட்டென நிறுத்தி
எல்மரிடம் ஏதோ கேட்டாள்.
அவன் கொட்டாவி விட்டபடி எங்களிடம் சொன்னான்:

"சரியாகவா, தப்பாகவா?"